ஏற்றத்தில் மோட்டார் ஏன் கொதிக்கிறது: முறுக்குவிசையும் வேகமும்

ஹட்டன் பக்கம் உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. அவருடைய அண்ணா தன் பெட்ரோல் த்ரீவீலை மின்சாரத்துக்கு மாற்றியிருக்கிறார். சமதரையில் நன்றாக ஓடுகிறது. கினிகத்தேனையில் இருந்து வட்டவளைப் பக்கம் ஏறும்போது வேகம் விழுகிறது, மேலே வந்து சேரும்போது மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு. "மின்மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழு முறுக்குவிசை உண்டு என்கிறார்களே, அது எங்கே போனது? வலு என்பது முறுக்குவிசையையும் கோண வேகத்தையும் பெருக்கியது என்றால், வேகம் குறையும்போது முறுக்குவிசை தானாகக் கூட வேண்டும்தானே? தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் (தொழிற்சாலையில்) கொழுந்தை நசுக்கும் ரோலர் மோட்டார் எவ்வளவு கொழுந்து போட்டாலும் அதே வேகத்தில் ஓடுகிறது, அது எப்படி? இதையெல்லாம் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?"

தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

வலு = முறுக்குவிசை × கோண வேகம். முறுக்குவிசை என்பது தண்டைத் திருப்பும் பலம், கோண வேகம் என்பது அது சுழலும் வேகம். சமன்பாடு சரி. ஆனால் இது நடந்து முடிந்ததைக் கணக்குப் பார்க்கிற சமன்பாடு. மோட்டார் எப்படி நடந்துகொள்ளும் என்று இது சொல்லாது. வேகம் குறைந்தால் முறுக்குவிசை கூடும் என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டுமானால், வலு மாறாமல் இருக்கிறது என்று முதலே ஒத்துக்கொள்ள வேண்டும். அதை மாறாமல் பிடித்து வைத்திருப்பது யார்? மோட்டாருக்குள் அப்படி யாரும் இல்லை. தகட்டில் "4 கிலோவாட்" என்று அடித்திருப்பது, இவ்வளவு வேலையைத் தொடர்ந்து செய்தால் நான் எரிந்துபோக மாட்டேன் என்று மோட்டார் தரும் வாக்குறுதி. எந்நேரமும் 4 கிலோவாட் தந்துகொண்டே இருப்பேன் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

மோட்டாரின் நடத்தையைச் சொல்லும் விதிகள் இரண்டுதான். ஒன்று: முறுக்குவிசை மின்னோட்டத்துக்கு நேர்விகிதம். காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியில் கரண்ட் ஓடினால் விசை வரும் என்று சாதாரண தரத்திலேயே படித்திருப்பீர்கள். கரண்ட் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். இரண்டு: காந்தப்புலத்தில் சுழலும் சுருள் தானே ஒரு ஜெனரேட்டர். அது பெட்டரிக்கு எதிராக ஒரு வோல்டேஜைப் பிறப்பிக்கும். இதுதான் பின் மின்னியக்க விசை. இது வேகத்துக்கு நேர்விகிதம்.

இந்த இரண்டு விகிதங்களுக்கும் மாறிலி ஒன்றேதான். ஒரு அம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்ற எண்ணும், வினாடிக்கு ஒரு ரேடியன் வேகத்துக்கு எத்தனை வோல்ட் என்ற எண்ணும் சமம். முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது தற்செயல் போலத் தெரியும். சக்திக் காப்பு விதி வேறு வழி விடாததால்தான் இரண்டும் சமமாகின்றன. பின் மின்னியக்க விசைக்கு எதிராகக் கரண்டைத் தள்ளச் செலவாகும் மின்வலு அப்படியே தண்டில் பொறிமுறை வலுவாக வெளியே வர வேண்டும். இரண்டு மாறிலியும் வேறு வேறாக இருந்தால் சக்தி எங்கோ காணாமல் போகும், அல்லது எங்கிருந்தோ முளைக்கும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே வரி கிடைக்கும்:

கொடுக்கும் வோல்டேஜ் = (மாறிலி × கோண வேகம்) + (மின்னோட்டம் × தடை)

மீதிப் பாடம் முழுவதும் இந்த வரியைத் திருப்பித் திருப்பிப் படிப்பதுதான். முறுக்குவிசையைக் கேட்பது சுமை. அந்த முறுக்குவிசைக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்பதை முதல் விதி சொல்லும். அந்தக் கரண்ட் தடையில் கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிடும். மிச்ச வோல்டேஜுக்கு எந்த வேகம் பொருந்துமோ அந்த வேகத்தில் மோட்டார் ஓடும். வேகத்தை மோட்டாரோ ஓட்டுநரோ தனியாக முடிவு செய்வதில்லை. பேரம் முடிகிற இடத்தில்தான் வேகம்.

சரி, அண்ணாவின் த்ரீவீலுக்கு வருவோம். ஓட்டுநர், ஆட்கள், பெட்டரி எல்லாம் சேர்த்து 600 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிற ரோடு. சரிவு வழியே புவியீர்ப்பு இழுக்கும் விசை 600 × 9.81 ÷ 10, அதாவது ஏறத்தாழ 590 நியூட்டன். டயர் உருளும் தடைக்கு இன்னும் 85 போடலாம். மொத்தம் 675 நியூட்டன். சக்கரத்தின் ஆரை 0.2 மீட்டர் என்றால், சக்கரத்தில் தேவைப்படும் முறுக்குவிசை 135 நியூட்டன் மீட்டர். இதில் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை கூட வரவில்லை என்பதைப் பாருங்கள். எந்த மோட்டாரைப் போட்டாலும், எந்த கம்பெனி செய்திருந்தாலும், அந்த ரோட்டில் அந்த வண்டி கேட்பது 135 நியூட்டன் மீட்டர். மெதுவாகப் போனாலும் அதேதான், வேகமாகப் போனாலும் கிட்டத்தட்ட அதேதான்.

மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையில் 10க்கு 1 கியர் இருந்தால், கியரில் வீணாவதை விட்டுவிட்டுப் பார்க்க, மோட்டார் தர வேண்டியது 13.5 நியூட்டன் மீட்டர். இப்போது ஒரு மோட்டாரை எண்ணிக்கொள்வோம்: 60 வோல்ட் பெட்டரி, மாறிலி 0.15, சுருளும் வயரும் சேர்ந்த தடை 0.05 ஓம். மாற்றிய வண்டிகளில் பெரும்பாலும் பிரஷ் இல்லாத மோட்டார்தான் இருக்கும். ஆனாலும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரோடு சேர்த்துப் பார்த்தால் இந்தக் கணக்குக்கு அதைச் சாதாரண டீசி மோட்டாராகவே நடத்தலாம்.

13.5ஐ 0.15ஆல் வகுத்தால் 90 அம்பியர். தடையில் விழுவது 4.5 வோல்ட். மிச்சம் 55.5 வோல்ட். அதை 0.15ஆல் வகுத்தால் வினாடிக்கு 370 ரேடியன், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,530 சுற்று. சக்கரத்தில் மணிக்கு 26 அல்லது 27 கிலோமீட்டர் வரும். பெட்டரி கொடுப்பது 5,400 வாட், தண்டில் கிடைப்பது 4,995 வாட். இடையில் காணாமல் போன 405 வாட் எங்கே? சுருளுக்குள் சூடாக இருக்கிறது.

இதே வண்டி சமதரையில் ஏறக்குறைய அதே வேகத்தில் போக 15 அம்பியர் போதும் என்று வையுங்கள். சுருளில் வரும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். ஆகவே அங்கே 11 வாட் சொச்சம். ஏற்றத்தில் கரண்ட் ஆறு மடங்கு, சூடு முப்பத்தாறு மடங்கு. அண்ணாவின் மோட்டார் கொதிப்பதற்கு வேறு மர்மம் எதுவும் தேட வேண்டியதில்லை. அது இன்னும் மோசமாகும்: செம்பு ஒவ்வொரு பாகை செல்சியஸ் சூடாகும்போதும் தடை ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். சுருள் 80 பாகை ஏறினால் தடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதே கரண்டுக்கு இன்னும் அதிக சூடு. நிரந்தரக் காந்தமும் சூட்டில் கொஞ்சம் பலவீனமாகும். காந்தம் பலவீனமானால் மாறிலி குறையும். மாறிலி குறைந்தால் அதே முறுக்குவிசைக்கு இன்னும் அதிக கரண்ட். ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டே போகும்.

வேகம் விழுவதற்கும் காரணம் இப்போது தெரியும். தடையில் 4.5 வோல்ட் விழுந்தது என் கணக்கில். உண்மையில் பெட்டரிக்கும் உள்தடை உண்டு. 90 அம்பியர் இழுக்கும்போது 60 வோல்ட் 55க்கோ 54க்கோ இறங்கினால் வேகமும் அந்த விகிதத்தில் இறங்கும். பெட்டரி பழையதாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்போ "நின்ற இடத்திலேயே முழு முறுக்குவிசை" என்பது பொய்யா? அந்த வரியில் வேகத்தைப் பூச்சியமாகப் போட்டுப் பாருங்கள். பின் மின்னியக்க விசை இல்லை. கரண்ட் 60 ÷ 0.05, அதாவது 1,200 அம்பியர். முறுக்குவிசை 180 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் அருமை. நிஜத்தில் சில வினாடிகளில் புகைதான். அதனால் கன்ட்ரோலர் இதை விடாது. 150 அம்பியருக்கு மேல் போகக்கூடாது என்று அதற்குள் எழுதி வைத்திருந்தால், உங்கள் அதிகபட்ச முறுக்குவிசை 22.5 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான். விளம்பரத் தாளில் பூச்சிய வேகத்தில் இருந்து ஒரு இடம் வரை முறுக்குவிசைக் கோடு மேசை போலத் தட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டைக் கோட்டைப் போட்டது மோட்டாரின் இயற்பியல் அல்ல, கன்ட்ரோலரின் கரண்ட் எல்லை. தட்டை முடிந்தபின் கோடு வளைந்து இறங்கும் பகுதியில்தான் வலு ஏறத்தாழ மாறாமல் இருக்கும். உங்கள் இரண்டாவது கேள்வி அந்த ஒரு பகுதியை மோட்டார் முழுவதற்கும் பொருத்திப் பார்த்ததால் வந்தது.

பெட்ரோல் எஞ்சினோடு ஒப்பிட்டுத்தான் அந்த விளம்பர வாக்கியமே பிறந்தது. பெட்ரோல் எஞ்சின் நின்றால் முறுக்குவிசை பூச்சியம். ஓடிக்கொண்டிருந்தால்தான் எதையாவது தரும். அதனால்தான் அதற்கு கிளட்ச். மின்மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை என்பது மட்டுமே அந்த வாக்கியத்தின் உண்மை. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை.

பாடப்புத்தகங்களில் இன்னொரு விஷயம் வரும்: சுமையில்லா வேகத்தில் பாதியில் மோட்டாரின் வலு உச்சம். கணிதம் சரி. நம்முடைய மோட்டாரில் அந்த இடம் 600 அம்பியர். 18 கிலோவாட் தண்டுக்கு, 18 கிலோவாட் சூட்டுக்கு. பரீட்சைக்கு எழுதுங்கள், வண்டியில் முயற்சிக்க வேண்டாம். சின்ன விளையாட்டு மோட்டார் தவிர வேறு எதுவும் அந்தப் பக்கம் தொடர்ந்து ஓடுவதில்லை.

இனி, எங்கள் ரோடுகளில் ஓட்டுபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஏற்றத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டது. நீங்கள் பிரேக் பிடிக்காமல், எக்சிலரேட்டரை மெல்லத் திருகி வண்டியைப் பின்னால் போகாமல் பிடித்து வைத்திருக்கிறீர்கள். வண்டி அசையவில்லை. கோண வேகம் பூச்சியம், ஆகவே மோட்டார் தரும் வலுவும் பூச்சியம். ஆனால் முறுக்குவிசை கிட்டத்தட்ட 12 நியூட்டன் மீட்டர், கரண்ட் 80 அம்பியர் அளவில். 300 வாட்டுக்கு மேல் சூடு, அத்தனையும் சுருளுக்குள். தண்டில் பொருத்திய காற்றாடி இருந்தால் அதுவும் சுழலவில்லை. கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தராசுக்கு வரிசையில் நிற்கிற அம்மா இயற்பியல் கணக்கில் எந்த வேலையும் செய்யவில்லை. அவருடைய கழுத்து அதை ஒத்துக்கொள்ளுமா? அதே கதைதான்.

இதில் ஆட்களை ஏமாற்றுவது மீட்டர். அந்த நேரத்தில் பெட்டரி மீட்டர் 5, 6 அம்பியர்தான் காட்டும். எப்படி? கன்ட்ரோலர் வோல்டேஜை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. மோட்டாருக்கு 4 வோல்ட், 80 அம்பியர். பெட்டரிப் பக்கம் அதே 320 வாட் என்பது 60 வோல்ட்டில் 5 அம்பியர் சொச்சம். பெட்டரி கரண்டும் மோட்டார் கரண்டும் ஒன்றில்லை. வேகம் குறைவாக இருக்கும்போது இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கும். "மீட்டர் கம்மியாத்தானே காட்டிச்சு, எப்படி மோட்டார் போச்சு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட்பிரேக் போடச் சொல்லுங்கள்.

இறக்கத்தில் இதே வரி மறுபக்கம் திரும்பும். வண்டி உருண்டு வேகம் கூடக் கூடப் பின் மின்னியக்க விசை கொடுக்கும் வோல்டேஜைத் தாண்டும். கரண்ட் திசை மாறும், மோட்டார் ஜெனரேட்டராகி வண்டியைப் பிடிக்கும். ஆனால் ஹட்டனில் முழுசாக சார்ஜ் போட்டுவிட்டுக் கினிகத்தேனைப் பக்கம் இறங்கினால், நிறைந்த பெட்டரிக்குள் அந்தக் கரண்டை எங்கே போடுவது? கன்ட்ரோலர் அந்தப் பிடியை விட்டுவிடும். மேலே இருந்து கிளம்புபவர்கள் பெட்டரியில் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது. சாதாரண பிரேக்கும் நல்ல நிலையில் இருக்கட்டும்.

ஏற்றத்துச் சூட்டுக்கு மருந்து கியர். 10க்கு 1 என்பதை 15க்கு 1 ஆக்கினால் மோட்டார் தர வேண்டியது 9 நியூட்டன் மீட்டர், 60 அம்பியர். சூடு 405 வாட்டில் இருந்து 180க்கு இறங்கும். வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் அளவில். மேலே போய்ச் சேர நேரம் கூடுதலாக எடுத்தாலும், வழி முழுக்க சுருளில் சேரும் மொத்தச் சூடு குறைவுதான். அதிக வாட் மோட்டார் வாங்கச் சொல்லுகிறவர்கள் நிறையப் பேர். என் அபிப்பிராயத்தில் மலைநாட்டு வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது கியர் விகிதம். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள ஸ்கூட்டர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் கிடையாது. விளம்பரங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒருவர் சக்கரத்தில் உள்ள முறுக்குவிசையைப் போடுவார், இன்னொருவர் கியருக்கு முன்னால் மோட்டாரில் உள்ளதைப் போடுவார். 135ஐயும் 13.5ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது பத்து மடங்கு பலம் என்று சொல்லி விற்றுவிடலாம்.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பதுளை ரயிலைப் பாருங்கள். பிரதான பாதையின் மலை ஏற்றங்களில் 44க்கு 1 என்ற சரிவு வருகிறது. 300 தொன் ரயிலை அதில் ஏற்ற, சரிவுக்கு மட்டும் ஏறத்தாழ 67,000 நியூட்டன் வேண்டும். டீசல் எலெக்ட்ரிக் எஞ்சினில் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார்தான். டீசல் ஓட்டுவது ஜெனரேட்டரை. பழைய வகைகளில் பெரும்பாலும் சீரிஸ் டீசி மோட்டார். அதில் காந்தச் சுருளும் சுழலும் சுருளும் ஒரே வரிசையில் இருப்பதால், கரண்ட் கூடினால் காந்தமும் கூடும். காந்தம் நிறைவடையும் வரை முறுக்குவிசை கரண்டின் வர்க்கத்தோடு ஏறும். இழுத்துக்கொண்டு கிளம்ப இதைவிட நல்ல மோட்டார் அந்தக் காலத்தில் இல்லை. சுமையே இல்லாமல் விட்டால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறிச் சிதறிவிடும் என்பது அதன் கெட்ட குணம். அங்கேயும் எல்லை சூடுதான்: இந்தக் கரண்டை இத்தனை நிமிடத்துக்கு மேல் இழுக்காதே என்று குறுகிய நேர அளவுகள் உண்டு. ஏற்றத்தில் ஊர்ந்து ஏறுகிற எஞ்சினின் மோட்டார்கள் சமதரையில் ஓடுவதைவிட மிக அதிகமாகச் சூடாகின்றன.

அடுத்தது ஸ்டோர். ரோலர் மோட்டார் வேறு சாதி. மூன்று பேஸ் இண்டக்ஷன் மோட்டார். அதன் வெளிச்சுருளில் ஓடும் 50 ஹேர்ட்ஸ் கரண்ட் சுழலும் காந்தப்புலம் ஒன்றை உண்டாக்குகிறது. நான்கு துருவ மோட்டாரில் அந்தப் புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்று. லக்சபானை நீர்மின் நிலையத்தில் சுழலும் ஜெனரேட்டரும் உங்கள் தோட்டத்து மோட்டாரும் ஒரே அதிர்வெண்ணில் கட்டுண்டு கிடப்பதால் இந்த வேகம் மாறாது. நிக்கோலா டெஸ்லாவுக்கு இதன் காப்புரிமைகள் 1888இல் கிடைத்தன. அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான்.

உள்ளே இருக்கும் ரோட்டர் புலத்தைவிடக் கொஞ்சம் பின்தங்கினால்தான் அதில் கரண்ட் தூண்டப்படும், முறுக்குவிசை வரும். சுமையில்லாதபோது 1,495 போல ஓடும். முழுச் சுமையில் தகட்டில் உள்ளபடி 1,440. வித்தியாசம் 4 சதவீதத்துக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. வேகம் குறையவில்லை என்று நீங்கள் நினைத்தது அதனால்தான். குறைகிறது, அந்தச் சின்னக் குறைவுதான் முறுக்குவிசையைக் கேட்டு வாங்குகிறது. அம்மீட்டரைப் பாருங்கள், கொழுந்து விழும்போது முள் எழும்பும்.

தகட்டைப் படிக்க ஒரு சுருக்கு: வாட்டை 9.55ஆல் பெருக்கி நிமிடச் சுற்றால் வகுத்தால் முறுக்குவிசை. 7,500 வாட், 1,440 சுற்று என்றால் ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர். ரோலர் நிமிடத்துக்கு நாற்பது சொச்சம் சுற்றுத்தான் சுற்றுகிறது. 34க்கு 1 அளவில் குறைத்தால் அந்த 50 அங்கே 1,700 ஆகிறது. கொழுந்தை நசுக்குவது அந்த 1,700.

இந்த மோட்டாருக்குத் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. முழுச் சுமையின் முறுக்குவிசையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு வரை தரும். அதைத் தாண்டிக் கேட்டால் வேகம் சரிந்து, நின்று, பெரிய கரண்ட் இழுத்துக்கொண்டு முனகும். அந்த எல்லை வோல்டேஜின் வர்க்கத்தோடு மாறும். வோல்டேஜ் 10 சதவீதம் விழுந்தால் முறுக்குவிசை 81 சதவீதமாகிவிடும். லைனின் கடைசியில் இருக்கும் தோட்டங்களில் இது புத்தக விஷயமல்ல. தொடங்கும்போது சுருள்களுக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரும் இதே கணக்கு. ஸ்டாரில் தொடங்கும்போது முறுக்குவிசை மூன்றில் ஒன்றுதான். கரண்ட் போய் வந்தபின், கொழுந்து நிறைந்த ரோலரை அப்படியே ஸ்டாரில் தொடங்கினால் அது அசையாமல் நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

கொழுந்தை வாட வைக்கும் தொட்டியில் உள்ள காற்றாடியையும் ரோலரையும் ஒப்பிட்டால் சுமை என்ன செய்கிறது என்று இன்னும் தெளிவாகும். காற்றாடி கேட்கும் முறுக்குவிசை வேகத்தின் வர்க்கம், வலு வேகத்தின் கனம் (மூன்றாம் அடுக்கு). வேகத்தை 80 சதவீதமாக்கினால் வலு 51 சதவீதம். அதனால் அதிர்வெண் மாற்றும் டிரைவ் போட்டால் காற்றாடியில் கரண்ட் பில் இறங்கும். ரோலரில் அந்த அளவுக்கு இறங்காது. அது மெதுவாகச் சுற்றினாலும் ஏறக்குறைய அதே முறுக்குவிசையைத்தான் கேட்கும்.

இடையில் ஒன்று, இது மலைநாட்டுக்காரருக்கு மட்டுமே வரும் விஷயம். மோட்டார் தகட்டில் உள்ள வலு கடல் மட்டத்தில் இருந்து 1,000 மீட்டர் உயரம் வரைக்கும், சுற்றுப்புறம் 40 பாகை வரைக்கும் என்று சர்வதேசத் தரநிலை சொல்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர். காற்று மெலிந்தால் மோட்டாரின் சூட்டை அள்ளிச் செல்வதும் குறையும். ஆனால் அங்கே 40 பாகையை யார் கண்டார்? குளிர் அந்தக் குறையை ஈடு செய்துவிடுகிறது. தேயிலை காய வைக்கும் டிரையருக்குப் பக்கத்தில் அனல் அடிக்கும் இடத்தில் வைத்த மோட்டாருக்கு மட்டும் அந்த ஈடு கிடையாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். சுழற்சி இயக்கம், மின்காந்தத் தூண்டல் இரண்டையும் உயர்தரப் பௌதிகவியலில் இருந்தே எடுங்கள், அது போதும். அப்புறம் உடைந்த விளையாட்டுக் காரில் இருந்து ஒரே மாதிரி இரண்டு மோட்டார், ஒரு மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பெட்டரி. இரண்டு தண்டையும் சின்ன ரப்பர் குழாயால் இணையுங்கள். முதலில் ஒரு மோட்டாரின் தண்டை விரலால் பிடித்து நிறுத்தி, ஒரு கணம் பெட்டரி கொடுத்து, முனைகளில் உள்ள வோல்டேஜையும் கரண்டையும் பாருங்கள். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் தடை. பிறகு ஓட விடுங்கள். கரண்டைத் தடையால் பெருக்கி வோல்டேஜில் இருந்து கழியுங்கள். உதாரணத்துக்கு 1.3 வோல்ட் வந்தது என்று வைப்போம். இப்போது இரண்டாவது மோட்டாரின் திறந்த முனைகளில் மீட்டரை வையுங்கள். அங்கேயும் கிட்டத்தட்ட 1.3 காட்டும். பின் மின்னியக்க விசையைக் கண்ணால் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. வேகத்தை அளக்காமலே வேகத்தை அளந்துவிட்டீர்கள்.

அடுத்து இரண்டாவது மோட்டாரின் முனைகளை ஒரு வயரால் குறுக்கே இணையுங்கள். வேகம் விழும், முதல் மோட்டாரின் கரண்ட் ஏறும். மின்சாரத்தால் சுமை ஏற்றியிருக்கிறீர்கள். 1873இல் வியன்னா கண்காட்சியில் கிராம் என்பவரின் டைனமோ ஒன்றை இன்னொன்று மோட்டாராக ஓட்டியபோது உலகம் கவனித்தது இதே உறவைத்தான்: மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே பொறி.

மாறிலியைக் காண, தண்டில் 5 மில்லிமீட்டர் ஆரையுள்ள சின்ன உருளை மாட்டி, நூலில் 20 கிராம் தொங்கவிடுங்கள். கீழேயும் போகாமல் மேலேயும் ஏறாமல் பிடித்து நிற்க எத்தனை அம்பியர் வேண்டும் என்று பாருங்கள். முறுக்குவிசை 0.00098 நியூட்டன் மீட்டர். கரண்ட் அரை அம்பியர் அளவில் வந்தால் மாறிலி 0.002. உராய்வு கொஞ்சம் குழப்பும். எடை மெல்ல ஏறும்போது ஒரு தடவையும் மெல்ல இறங்கும்போது ஒரு தடவையும் அளந்து சராசரி எடுங்கள். இந்த 0.002ஐ வைத்து முன்னைய 1.3 வோல்ட்டுக்கு வேகம் கண்டால் வினாடிக்கு 650 ரேடியன், நிமிடத்துக்கு 6,200 சுற்று. அந்தச் சின்ன மோட்டார் அப்படித்தான் ஓடும்.

இவற்றை வரைபுத்தாளில் போடுங்கள்: கிடையச்சில் முறுக்குவிசை, நிலைக்குத்தச்சில் வேகம். சாய்ந்து இறங்கும் ஒரு நேர்கோடு வரும். வோல்டேஜைக் கூட்டினால் கோடு அப்படியே மேலே நகரும், சாய்வு மாறாது. தடை கூடினால் சாய்வு கூடும். அதே தாளில் சுமையின் கோட்டையும் வரையுங்கள். ஏற்றம் என்றால் செங்குத்துக் கோடு, காற்றாடி என்றால் மேல்நோக்கிப் போகும் வளைகோடு. இரண்டும் வெட்டும் புள்ளியில்தான் மோட்டார் ஓடும்.

அண்ணாவிடம் சொல்லி மோட்டார் தகட்டில் உள்ள வோல்டேஜ், வாட், நிமிடச் சுற்று, பின்னச்சின் கியர் விகிதம், கன்ட்ரோலரின் கரண்ட் எல்லை, ஏற்றத்தில் பெட்டரி வோல்டேஜ் எவ்வளவுக்கு இறங்குகிறது என்பவற்றைக் குறித்து வையுங்கள். மேலே உள்ள கணக்கை உங்கள் எண்களோடு நீங்களே ஒரு தடவை போட்டு, விடையோடு அனுப்புங்கள். கியரை மாற்ற வேண்டுமா, பெட்டரியைப் பார்க்க வேண்டுமா என்பதை அதிலிருந்து சொல்லிவிடலாம்.